நாற்பத்திரண்டு அங்குல மேடை

அன்று அந்தச் சமையலறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி பரிமளா, அவள் அம்மா (எனக்கு அத்தை), அவள் தம்பி குமரவேல், மேஸ்திரி தேவநாதன். ஆக ஐந்து பேர். சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டிய கம்பிக் கூண்டுக்குள் இருந்த கேஸ் சிலிண்டரையும் சேர்த்தால் ஆறு. நான் எப்போதும் சேர்த்துத்தான் எண்ணுவேன். அதை நினைக்காமல் என்னால் ஒரு வாய் காபி குடிக்க முடியாது.

பயப்படுவது எனக்குத் தொழில் மாதிரி. ஐஸ் விற்பது அப்புறம்தான். கடலூர் முதுநகரில் மீன் வண்டிகளுக்கு ஐஸ் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கடையைப் பூட்டிவிட்டுப் பாதித் தூரம் போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்ப்பேன். பூட்டியிருக்கும். பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்ததில் இரண்டு பூட்டு கெட்டிருக்கிறது.

பரிமளா அப்படி இல்லை. அவளும் அத்தையும் சிதம்பரம் அண்ணாமலை நகரில் மாணவர்களுக்கு மெஸ் நடத்தினார்கள். ஒரு வேளைக்கு நூறு இலை. நான் சனிக்கிழமை பஸ் ஏறிப் போய், ஞாயிறு இரவு திரும்பி வரும் புருஷன். கல்யாணமாகி ஒன்பது வருஷம் இப்படியே ஓடியது. முதுநகரில் சொந்தமாக ஒரு வீடு கட்டத் தொடங்கியதும், "இனிமே இங்கயே வந்துடு, வீட்லயே சமைச்சு சாப்பாடு கட்டிக் குடுக்கலாம்" என்று கேட்டேன். அவள் யோசித்துச் சொன்னாள்:

"வரேன் மாமா. ஆனா அடுப்படியப் பாத்துட்டுத்தான் மூட்டை கட்டுவேன். சரியில்லன்னா சாயங்கால பஸ்ஸுக்குப் போயிட்டே இருப்பேன்."

இப்படிச் சொன்னவளிடம் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? அளவு கேட்பான். நான் கேட்கவில்லை. திறந்து காட்டும்போது அவள் அசந்து போக வேண்டும் என்று ஆசை. (அசந்துதான் போனாள்.) எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். டேப்பில் ஒரு பக்கம் அங்குலமும் மறுபக்கம் சென்டிமீட்டரும் இருப்பதைப் பார்த்தாலே வியர்க்கும். அப்படிப்பட்டவன் மூன்று மாதம் செல்போனில் வீடியோ பார்த்து, ஒரு ரூல் போட்ட நோட்டில் சமையலறை வரைந்தேன்.

தேவநாதன் முப்பது வருஷம் கொத்துக் கரண்டி பிடித்த மேஸ்திரி. முதல் நாளே சொன்னார்.

"மேடை முப்பத்திரண்டு, முப்பத்திமூணு அங்குலம் வைக்கலாம்ணே. எல்லாரும் அதான் வைப்பாங்க."

"வெள்ளம் வந்தா?"

"வெள்ளம் வந்தா எவன்ணே சமைப்பான்?"

"நாப்பத்திரண்டு வைங்க."

அவர் என்னை ஒரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். நான் ஆறடி. நான் எனக்காகத்தான் கட்டிக்கொள்கிறேன் போல என்று நினைத்திருப்பார்.

பயம் அதோடு நிற்கவில்லை. தண்ணீர் பட்டால் ஷாக் அடிக்குமே என்று மிக்ஸி பிளக்கைக் கதவு நிலைக்கு மேலே வைக்கச் சொன்னேன். கேஸ் கசிந்தால் வெளியே போகட்டும் என்று அடுப்புக்கு நேராக ஒரு பெரிய ஜன்னல். தண்ணீர்த் தொட்டி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால் சிந்தி வழுக்குமே என்று அறையின் மறுகோடியில். சிலிண்டருக்குக் கூண்டு, கூண்டுக்குப் பூட்டு. இத்தனை பயத்துக்கும் நடுவில் அழகும் வேண்டுமே! முத்து வெள்ளை டைல்ஸ். மேடைக்குக் கீழே கடல் பச்சையில் கதவுகள், இழுப்பறைகள். எதற்கும் கைப்பிடி கிடையாது. லேசாகத் தட்டினால் தானாகத் திறக்கும். வீடியோவில் ஒரு பெண் இடுப்பால் தட்டித் திறந்ததைப் பார்த்து மயங்கிப் போயிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிமளா அத்தையோடும் தம்பியோடும் வந்து இறங்கினாள். கையில் ஒரு பை. அதில் தக்காளி, புளி, பூண்டு, மிளகு, சீரகம், கறிவேப்பிலை, கொத்தமல்லி, ஒரு ஈயச் சொம்பு. வாசலில் நின்று உள்ளே பார்த்தவள், "அழகா இருக்கு மாமா" என்றாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

"ஒரு ரசம் வச்சுப் பாக்குறேன்."

எந்த அடுப்படியையும் அவள் ரசம் வைத்துத்தான் எடை போடுவாள் என்று அத்தை என் காதில் சொன்னார். கழுவ வேண்டும், கரைக்க வேண்டும், தட்ட வேண்டும், தாளிக்க வேண்டும், நுரை கட்டும்போது கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். ரசம் வைக்க முடிந்தால் அந்த அடுப்படியில் எதுவும் செய்யலாமாம்.

பரிமளா நாலடி பத்து. நாற்பத்திரண்டு அங்குல மேடை, அதன்மேல் அடுப்பு, அதன்மேல் சொம்பு. அவளுக்குச் சொம்பின் அடிப்பாகம்தான் தெரிந்தது.

"மாமா, இது எனக்குக் கட்டினதா, ஒட்டகத்துக்குக் கட்டினதா?"

குமரவேல் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டான். அவள் அதன்மேல் ஏறி நின்றாள். தக்காளி கழுவ இறங்கினாள். தொட்டிக்குப் பதினொரு எட்டு நடந்தாள். திரும்பி வந்து ஏறினாள். மிளகு சீரகம் அரைக்க மிக்ஸியை எடுத்தாள். அண்ணாந்து பிளக்கைப் பார்த்தாள். டப்பாவிலிருந்து இறங்கினாள். குமரவேல் ஒட்டடைக் குச்சியால் சுவிட்சைப் போட்டான். கால் வலிக்கிறது என்று அத்தை கீழ்க்கதவில் சாய்ந்தார். அந்தக் கதவு திறந்து அவர் முதுகைத் தள்ளியது. அவர் திடுக்கிட்டுப் பக்கத்துக் கதவைப் பிடிக்க, அதுவும் திறந்தது.

"மாப்ள, உங்க வீட்டுக் கதவு ஆளைத் தொறத்துது!"

அப்போது கடல் காற்று ஜன்னல் வழியாக வந்து அடுப்பை அணைத்தது. என் மூக்குக்கு லேசாக ஒரு வாசனை வந்தது. மூன்று மாதமாக எதற்குத் தயாரானேனோ அது நடந்துவிட்டது.

"எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்திக்கொண்டு நான் கொல்லைக்கு ஓடினேன். சிலிண்டரை மூட வேண்டும். கூண்டு பூட்டியிருந்தது. சாவி? பத்திரமாக இருக்கட்டும் என்று சமையலறை இழுப்பறைக்குள் வைத்திருந்தேன். திரும்பி ஓடி வந்து இழுப்பறையைத் தட்டினேன். பக்கத்துக் கதவு திறந்தது. ஓங்கித் தட்டினேன். எதிர்க்கதவு திறந்தது. அறையில் இருந்த எல்லாக் கதவும் திறந்து கொண்டன, அந்த ஒரு இழுப்பறையைத் தவிர. சுவருக்குத் தெளிக்க மேஸ்திரி வைத்திருந்த வாளித் தண்ணீர் கண்ணில் பட்டது. தூக்கி அடுப்பின்மேல் ஊற்றினேன். பாதி ரசத்தில் விழுந்தது. மீதி, நல்ல நாளாயிற்றே என்று புதுச் சட்டை போட்டு வந்து மேடையோரம் நின்ற தேவநாதன் மேல் விழுந்தது. ரசமும் அவர் மேல்தான் வழிந்தது.

ஓடுங்க என்று சொன்னேனே, யாரும் ஓடவில்லை. பரிமளா டப்பாமேல் நின்றபடி என்னைப் பார்த்தாள்.

"காத்து அடிச்சப்பவே அடுப்ப மூடிட்டேன் மாமா. இதத் திருப்பினா நின்னுடும்."

மேஸ்திரி மீசையில் ஒரு கறிவேப்பிலை. யாராவது சிரித்திருந்தால் தேவலை. மணி மூன்று. சிதம்பரம் பஸ் அரை மணிக்கு ஒன்று உண்டு. அவள் பையை எடுத்தாள். புறப்படத்தான் என்று நினைத்தேன். பைக்குள் கை விட்டு, மெஸ்ஸில் விலைப்பட்டியல் எழுதும் சாக்பீஸை வெளியே எடுத்தாள்.

முழங்கையை மடக்கிச் சுவரோரம் நின்றாள். "மேஸ்திரி, என் முழங்கைக்கு நாலு வெரல் கீழ கோடு போடுங்க. மேடை அங்கதான்." தேவநாதன் டேப் வைத்துப் பார்த்தார். முப்பத்திமூன்று அங்குலம். என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அப்புறம் கூடத்துத் தரையில் முழு அளவில் ஒரு சமையலறையைக் கோடாகப் போட்டாள். எங்களை உள்ளே நிறுத்தினாள்.

"அம்மா, நீ ஃபிரிட்ஜ். குமரா, நீ தண்ணித் தொட்டி. மாமா, நீங்க அடுப்பு. அசையாதீங்க."

வெறுங்கையால் ரசம் வைத்தாள். அத்தையிடமிருந்து தக்காளி எடுத்தாள், தம்பியிடம் கழுவினாள், என்னிடம் கொதிக்க வைத்தாள். எட்டை எண்ணினாள். "ஜாஸ்தி. குமரா, ரெண்டு எட்டு கிட்ட வா." மறுபடி வைத்தாள். மூன்றாவது ரசத்தில் திரும்பினால் கை எட்டும் தூரத்தில் எல்லாம் இருந்தது. மூன்று மாதம் நான் வீடியோவில் தேடியதை அவள் ஒரு சாக்பீஸில் பாதிகூடக் கரைக்காமல் முடித்துவிட்டாள். முப்பது வருஷ மேஸ்திரி, ஈரச் சட்டையோடு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றார். நானும்தான். அடுப்பாக நின்றபடி.

எல்லாவற்றையும் அவள் இடிக்கவில்லை. "டைல்ஸ் நல்லா எடுத்திருக்கீங்க மாமா. சிலிண்டர் வெளிய இருக்கறதும் நல்ல யோசன. பூட்டு மட்டும் வேணாம்." கதவுகளுக்குப் பித்தளைப் பிடி வந்தது. அடுப்பு ஜன்னலை விட்டு நகர்ந்தது. வாசல் பக்கம் இரண்டு முழம் மட்டும் பழைய உயரத்திலேயே விடச் சொன்னாள்.

"இது எதுக்கு?"

"பொட்டலம் கட்டறது யாரு? நீங்கதான். குனிஞ்சா உங்களுக்கு இடுப்பு வலிக்கும்."

அவள் அளவு அவளுக்குத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. என் அளவும் தெரிந்திருந்தது.

அன்று சாயங்கால பஸ்ஸில் அத்தையும் குமரவேலும் மட்டும் போனார்கள். வேலை முடிகிற வரை பக்கத்தில் நின்று பார்க்கிறேன் என்று பரிமளா தங்கிவிட்டாள். இப்போது அந்த அடுப்படியிலிருந்து தினம் எண்பது சாப்பாடு போகிறது. என் நாற்பத்திரண்டு அங்குலத்தில் நின்று நான்தான் கட்டுகிறேன். குமரவேல் போன் செய்தால் இன்னும் "அடுப்பு எரியுதா மாமா?" என்றுதான் ஆரம்பிக்கிறான். தேவநாதன் எந்த வீட்டில் சமையலறை கட்டினாலும், "வீட்டுக்காரம்மாவக் கூப்பிடுங்க, முழங்கைய மடக்கச் சொல்லணும்" என்கிறாராம்.

பரிமளா எனக்கு இன்ஜினியர் ஃபீஸ் போட்டாள். ஐநூற்றொரு ரூபாய். ஐநூறு கொடுத்துவிட்டேன். அந்த ஒரு ரூபாயை நீட்டினால் வாங்க மாட்டேன் என்கிறாள். "வாங்கிட்டா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம் மாமா. முடிஞ்சா நான் ஊருக்குப் போக வேண்டியதுதான்."

எனக்குப் பயம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தினம் பொட்டலம் கட்டும்போது சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இருக்கிறது. பாக்கி, ஒரு ரூபாய்.