தண்ணீர் நாளில் வாங்கிய நாசில்

ஜபல் அல்-தாஜ், அம்மான்
புதன்கிழமை காலை

பெருமதிப்புக்குரிய மச்சான் ஹாஜி காலிப் அவர்களுக்கு, உங்கள் தங்கை நுஹாவின் கணவன் ஸப்ரி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மூட்டுவலி தணிந்து, ஒலிவ மரங்கள் காய்த்து, வீட்டில் எல்லோரும் நலமாயிருக்க இறைவன் அருள்வானாக. இங்கே நான் நலமாக இருக்கிறேன் என்று எழுதுவது முறை; எழுதிவிட்டேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் போனை எடுப்பது நுஹா. என் தொண்டைச் செருமல் கேட்டதும் வைத்துவிடுகிறாள்.

மச்சான், சென்ற மாதத்தில் ஒரு நாள், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், தெளிந்த புத்தியோடும் வெறும் வயிற்றோடும், நம் வீட்டுத் தோட்டத்து ஹோஸின் முனைக்கு, நீரைப் பீய்ச்ச ஒரு நாசில் வாங்கிப் பொருத்துவது என்று நான் முடிவெடுத்தேன். அதற்குப் பின் இந்தக் குடும்பத்தில் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த முடிவுதான் காரணம். அதுவரை அந்த வேலையை என் வலக்கைக் கட்டைவிரல் பார்த்துவந்தது. எலுமிச்சை மரத்துக்குத் தூறலாகவும், முற்றத்து ஓடுகளைக் கழுவ வேகமாகவும், பூனையை விரட்டக் குறிபார்த்தும் அது நீரைப் பீய்ச்சும். பழுது பார்க்க வேண்டியதில்லை, எங்கும் தொலைந்துபோவதுமில்லை. ஆனால் நம் ரனீமைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களின் ஜாஹா வரப்போகிறது என்று முடிவானபோது, ஊர்ப் பெரியவர்கள் நுழைகிற முற்றத்தை, பெண்ணைப் பெற்றவன் கட்டைவிரலால் கழுவுவது தகுமா என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. நுஹாவிடம் சொன்னேன்.

"அந்த விரல் உங்ககிட்ட என்ன கேட்டுச்சு? பென்ஷனா?" என்றாள்.

"இது கௌரவப் பிரச்சினை, நுஹா."

"ஜாஹா வர்றவங்க உங்க ஹோஸையா பாக்க வர்றாங்க?"

பார்ப்பார்கள் என்று நான் நம்பினேன். அதில் மட்டும் நான் சொன்னதுதான் நடந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். திரவ அழுத்தம் என் பாடம். நாசில் வாங்குகிறவன் முதலில் தன் வீட்டு அழுத்தத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். நம் மொட்டைமாடித் தொட்டி அந்த உயரத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டும். அது கெட்டிலை நிரப்பப் போதுமான அழுத்தம், கெட்டிலுக்குப் பொறுமை இருக்குமானால். விசையை அழுத்திப் பீய்ச்சுகிற குறுகிய வாய் நாசில்களுக்கு அதைப்போல் நாலைந்து மடங்கு வேண்டும். அழுத்தம் குறைந்த வீட்டுக்கு அகன்ற வாயுள்ள, உள்ளே ஸ்பிரிங் எதுவும் இல்லாத, சாதாரண நாசில்தான் சரி. இவ்வளவும் எனக்குத் தெரியும். இதைப் பரீட்சையில் கேட்டு, எழுதத் தெரியாத பல பிள்ளைகளை ஃபெயிலாக்கியிருக்கிறேன். அவர்களில் சிலர் இப்போது பெரிய பதவிகளில் கட்டைவிரலோடு சந்தோஷமாக இருக்கிறார்கள்.

கடைத்தெருவில் அபூ ஷவ்கத் என்றொருவர் குழாய்ச் சாமான்கள் விற்கிறார். நான் கணக்கை விளக்கியபோது மிகுந்த ஈடுபாட்டோடு தலையாட்டினார். பித்தளையில், கைத்துப்பாக்கி போல விசை வைத்த ஒன்று கண்ணாடிக்குள் பளபளத்தது. அதன் எடையே நம்பிக்கை தருவதாக இருந்தது.

"இது எங்க வீட்டு அழுத்தத்துக்கு வருமா?"

"வரும் உஸ்தாத்."

"கொஞ்சம் அதிகப்படியோ?"

"அதிகப்படிதான் உஸ்தாத்."

"அப்ப அந்த பிளாஸ்டிக்கே போதுமா?"

"பிளாஸ்டிக்கையும் ஜனங்க வாங்கிட்டுத்தான் போறாங்க."

இதை நான் நிபுணரின் ஆலோசனை என்று எடுத்துக்கொண்டு பித்தளையைக் கையில் வாங்கினேன். வீட்டுக்குப் போய்ச் சோதித்துப் பார்த்துவிட்டுப் பிறகு பணம் தருகிறேன் என்றேன். அவர் அதற்கும் தலையாட்டினார். விஞ்ஞானம் என்றால் பரிசோதனை, நான் பரிசோதித்தேன். பரிசோதித்த நாள் புதன்கிழமை. உங்களுக்குப் புரிந்திருக்கும். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருகிறது. அன்று தெருவே எழுந்து கம்பளம் அலசுகிறது, போர்வை துவைக்கிறது, தொட்டியை நிரப்புகிறது. தோட்டத்துக் குழாயும் அன்று மொட்டைமாடியை மறந்துவிட்டு நேரடியாகத் தெருவிலிருந்து குடிக்கிறது. நான் விசையை அழுத்தினேன். நீர் எலுமிச்சையைத் தாண்டி, மதிலைத் தாண்டி, பக்கத்து வீட்டு உம்மு அத்னானின் துணிக்கொடியில் போய் நின்றது.

"உஸ்தாத், அந்தத் துணியை நான் அலசிட்டேன்" என்றார் அவர் பால்கனியிலிருந்து.

"மன்னிக்கணும். இது ஒரு பரிசோதனை."

"அப்ப இந்தப் போர்வையையும் ஒரு தடவை பரிசோதிச்சிடுங்க. காலைலேர்ந்து தோள் வலி உயிர் போகுது."

பரிசோதித்தேன். அன்றே அபூ ஷவ்கத்துக்குப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாரத்தில் மிச்சமிருக்கிற நாட்களை மறந்துவிட்டு, ஒரு நாளின் அழுத்தத்தை வைத்து ஒருவன் நாசில் வாங்குவது, கல்யாண வீட்டில் பார்த்த முகத்தை வைத்து ஒருவருடைய சுபாவத்தை முடிவு செய்வதைப் போன்றது. இது இப்போது தோன்றுகிறது.

ஜாஹா வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின். ஜும்ஆ முடிந்து வந்ததும் முற்றம் கழுவப் போனேன். குழாய் இப்போது மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிறது. நாசிலை மாட்டி விசையை அழுத்தினேன். தண்ணீர் வந்தது, வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வந்து என் இடது காலணிக்குள் விழுந்தது. நுஹா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "விரலைக் கூப்பிடுங்க, அபூ ரனீம்" என்று மகள் பெயரைச் சேர்த்து என்னை அழைத்தாள். அந்தக் குரலில் கேலி இல்லை, கருணை இருந்தது. அதுதான் என்னைத் தூண்டிவிட்டது. தரைத்தொட்டியிலிருந்து மாடிக்கு நீரேற்றும் மோட்டார் இருக்கிறதல்லவா, அதைக் கழற்றி, மாடித் தொட்டியிலிருந்து வாங்கி ஹோஸுக்குத் தள்ளும்படி திருப்பிப் பொருத்தினேன். சுவிட்சைப் போட்டதும் பித்தளை நாசில் புதன்கிழமையைப் போலவே பீய்ச்சியது. இதை நுஹாவும் ரனீமும் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. விசையை விட்டுவிட்டு, மோட்டாரை நிறுத்தாமல், அவர்களை அழைக்க உள்ளே போனேன். அவர்கள் திராட்சை இலையில் சோறு மடித்துக்கொண்டிருந்தார்கள், வர மறுத்தார்கள். நான் வற்புறுத்தினேன். சமையலறை வாசலில் நின்று விசையின் பொறிநுட்பத்தை விவரித்தேன். வெளியேற வழியில்லாத அழுத்தம் இருப்பதிலேயே பலவீனமான இணைப்பைத் தேடிப் போகும் என்று நானே வகுப்பில் எழுதிப்போட்டிருக்கிறேன். அது தேடிப் போனது. திரும்பி வந்தபோது ஹோஸ் குழாயை விட்டுக் கழன்று பாம்பு போல முற்றத்தில் கிடந்தது. நாற்காலிகளின் கால்கள் தண்ணீரில் நின்றன. தரைத்தொட்டியில் இருந்ததை முன்பே மேலே ஏற்றியாயிற்று. மாடித் தொட்டியில், அடுத்த புதன் வரை வீட்டுக்கு இருந்த தண்ணீர் முழுவதும் தீர்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் தண்ணி லாரிக்காரர்கள் மன்ஸஃப் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். குடிநீர்க் கேன் சமையலில் காலி. கேன் கடை மூடியிருந்தது. உம்மு அத்னான் மதிலுக்கு மேலே ஒரு வாளி தந்தார், அது கழிப்பறைக்குப் போனது. காப்பிக்கும் கேட்கலாம் என்றேன். "பொண்ணு கேட்டு வர்ற அன்னைக்கு அவ தண்ணியில காப்பி போட்டா, அவ மௌத்தாகுற வரைக்கும் அதையே சொல்லுவா" என்றாள் நுஹா. பிறகு படுக்கையறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். மச்சான், இங்கே நீங்கள் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளுங்கள். நீங்கள் ஹஜ்ஜிலிருந்து அவளுக்கென்று கொண்டுவந்த ஸம்ஸம் புனித நீர்க் கேனை எடுத்தாள். பிஸ்மில்லாஹ் சொல்லி, என்னைப் பார்க்காமல், காப்பிப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். ஏலக்காய் போட்டது ரனீம்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை முஹன்னத், அவருடைய சித்தப்பாக்கள், எல்லோருக்கும் முன்னால் குடும்பத்தின் மூத்தவரான அபூ ஸுல்தான், நீதிபதியாயிருந்தவர். நீங்கள் வந்திருந்தால் எங்கள் சார்பில் நீங்கள் பேசியிருப்பீர்கள்; உங்கள் மூட்டு வரவிடவில்லை. அபூ ஸுல்தான் எழுந்து பிஸ்மில்லாஹ் சொல்லி அழகாகப் பெண் கேட்டார். பின் தன் கோப்பையைக் கீழே வைத்தார். எல்லோரும் வைத்தார்கள். "பதில் தெரியாம இந்தக் காப்பி எங்க தொண்டைல இறங்காது" என்றார். நான் சொல்ல வேண்டியது, "குடிங்க, நல்லபடியா நடக்கட்டும்" என்பது மட்டும். ஆனால் முற்றத்தில் தேங்கிய தண்ணீரில் அவருடைய காலணி பாதி முழுகியிருந்ததைப் பார்த்தேன். ஒரு விளக்கம் கடமை என்று பட்டது.

"பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம் இருக்கு" என்றேன். "அழுத்தம்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் தொட்டியின் உயரத்திலிருந்து தொடங்கினேன்.

"உஸ்தாத், நம்ம பையன் தங்கமான பையன்" என்றார் அபூ ஸுல்தான்.

"சந்தேகமே இல்ல. ஆனா உயரம்னு ஒண்ணு இருக்கே. பிள்ளைங்க குடியிருக்க நீங்க பாத்திருக்கற வீடு எந்த மாடி?" விஞ்ஞான ஆர்வத்தில்தான் கேட்டேன்.

"ரெண்டாவது. மேல மொட்டைமாடி."

"அப்ப போதாது."

ஒரு சித்தப்பா கனைத்தார். "கீழ்த்தளமாப் பாத்துக்கலாம். தோட்டத்தோட."

"தோட்டம் வந்தா இன்னும் சிக்கல்."

"மாமா, வீட்டையே ரனீம் பேர்ல..." என்று முஹன்னத் ஆரம்பித்தார். அருகிலிருந்தவர் அவர் தொடையில் ஒன்று வைத்தார்.

நான் நாசிலின் வாய் அகலத்துக்கு வந்திருந்தேன். அபூ ஸுல்தான் நிதானமாகக் கேட்டார்: "உஸ்தாத், நாங்க காப்பியக் குடிக்கிறதா, எழுந்து போறதா?"

"ஒரு நிமிஷம்" என்றேன். முடிவுரை பாக்கி இருந்தது.

அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து நுஹா, "அபூ ரனீம்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு நினைவு திரும்பியது. குடிங்க என்றேன். ஆறிப்போன காப்பியைக் கொட்டிவிட்டு வேறு போடுவதுதான் மரியாதை. போட வீட்டில் தண்ணீர் இல்லை. கேனில் இருந்தது முழுவதும் அந்தக் கோப்பைகளில்தான் ஆறிக்கிடந்தது. அபூ ஸுல்தான் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, "என் ஆயுசுல இப்படி ஒரு காப்பி குடிச்சதில்ல" என்றார். நான் நன்றி சொன்னேன்.

மறுநாள் மாப்பிள்ளையின் தாயார் நுஹாவுக்குப் போன் செய்தார். "உங்க வீட்டுக்காரர் பெரிய வியாபாரி. தண்ணியக் காட்டியே தோட்ட வீடு வாங்கிட்டாரு" என்றாராம். நுஹா போனை வைத்தாள், பெட்டியைக் கட்டினாள், ரனீமை அழைத்துக்கொண்டாள். வாசலில் திரும்பி, "இர்பித் போறேன். எங்க அண்ணன் வீட்ல குழாயத் திறந்தா தண்ணி வரும், பாடம் வராது" என்றாள். என்னிடம் பதில் இருந்தது. சொன்னால் அது பாடமாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த வாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. அதைப் பார்க்க அவள் நிற்கவில்லை.

மச்சான், வீடு மிகவும் அமைதியாக இருக்கிறது. இவ்வளவு அமைதி என் வகுப்பறையில் இருந்திருந்தால் நான் தலைமையாசிரியரைக் கூப்பிட்டிருப்பேன். தேயிலை எந்த டப்பாவில் இருக்கிறது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. புதினா வாடிவிட்டது. நேற்று, இதை நுஹாவிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு சமையலறை வரை போய்விட்டேன். என்ன விஷயம் என்பது மறந்துவிட்டது. போனது மட்டும் நினைவிருக்கிறது.

ஆகவே, உங்கள் முன்னிலையில் நான் உறுதி சொல்கிறேன். மோட்டார் பழைய இடத்துக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போய், எங்களுக்குத் தோட்ட வீடு வேண்டாம், எந்த மாடியானாலும் சரி என்று சொல்லப்போகிறேன். அழுத்தம் என்ற சொல்லை உச்சரிக்க மாட்டேன். நாசிலைக் காகிதத்தில் சுற்றிவைத்துவிட்டேன். இந்தக் கையால் அதை இனித் தொடுவதில்லை. கட்டைவிரல் பணிக்குத் திரும்பிவிட்டது. நுஹாவிடம் இதைச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லுங்கள், முன்னால் வேண்டாம். ஸப்ரி தப்பை ஒத்துக்கொண்டானா என்று கேட்பாள். ஒத்துக்கொண்டான் என்று சொல்லுங்கள். எந்தத் தப்பை என்று கேட்பாள். எல்லாவற்றையும் என்று சொல்லுங்கள். இனி அவன் நிதானமாக நடந்துகொள்வான், மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் அவள் தலைகுனியும்படி எதுவும் செய்யமாட்டான் என்று நீங்கள் பொறுப்பேற்றுக்கொண்டால், அவள் உங்கள் வாக்கைத் தட்டமாட்டாள்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் ஸலாமும், சிறியவர்களுக்கு என் துஆவும். உங்கள் கிணறு வற்றாதிருக்கட்டும். ஸம்ஸம் விஷயத்தில் உங்கள் மன்னிப்பை நேரில் வந்து கேட்பேன், நுஹா அனுமதித்தால்.

தங்கள் அன்புக்கும் தீர்ப்புக்கும் காத்திருக்கும்,
ஸப்ரி

பி.கு.: இதைக் கொண்டுவருபவர் மாப்பிள்ளை முஹன்னத். அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு, ரனீமைப் பார்க்க இர்பித் போவதாகவும், கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டு, கோட்டும் டையுமாகக் காலையிலேயே வந்தார். கடிதத்தை ஒட்டும் முன் ஒரு சிறு சேர்க்கை. இன்று தண்ணீர் நாள். நாசிலை அபூ ஷவ்கத்திடம் திருப்பிக் கொடுக்கும்போது அது பழுதில்லாமல் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், அதை ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா. அதற்காக மட்டும் மாட்டினேன். பழுது எதுவும் இல்லை. அந்த நேரத்தில் முஹன்னத் மதில் வாசலில் நின்றிருந்தார். பரவாயில்ல மாமா என்றார். அவருடைய கோட்டும் கால்சட்டையும் கொடியில் கிடக்கின்றன. அவர் அணிந்து வருவது என் வீட்டு அங்கி. அவருக்கு அது முழங்கால் வரை இருக்கிறது.