மூணு விசில்

ஒரகடத்துக் கம்பெனியில் சின்னப்பராஜுக்கு ஒரு பச்சை ஜாக்கெட் கொடுத்தார்கள். ஷிப்ட் முடிந்து தண்டலத்து வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மனைவியிடம் சொன்னார்.

“கிரேசி, கம்பெனில ஜாக்கெட் குடுத்துகீறாங்க.”

“எனக்கா? என் அளவு அவங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“ஐயே, இது ஃபயர் வார்டன் ஜாக்கெட். நெருப்பு கிருப்பு புடிச்சா நான்தான் விசில் ஊதி எல்லாரையும் வெளிய கொண்டாரணும். இத்தினி பேரு உசுரும் இப்ப என் வாயிலதான் கீது.”

“அப்ப மொதல்ல போய் பல்ல வெளக்குங்க.”

இப்படிப்பட்ட பெண்ணோடு பதினாறு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிற மனுஷனுக்கு ஒரு ஆசை இருந்தது. பெரிய ஆசையெல்லாம் இல்லை. கால் நீட்ட வேண்டும், அவ்வளவுதான். ஊரில் ஓடுகிற கார்களுக்கெல்லாம் சீட் தைக்கிற கம்பெனியில் வேலை. சொந்த வீட்டில் கால் நீட்ட இடமில்லை. போன மாதம்தான் ஆசை ஆசையாக ஒரு சாய்வு சோபா வாங்கி வந்தார். பக்கத்தில் ஒரு கைப்பிடி, இழுத்தால் முதுகு சாயும், காலுக்கு ஒரு பலகை நீளும். நீண்டது. பாதி நீண்டதும் வாசலை ஒட்டி நின்ற ஸ்டீல் பீரோவில் ‘டங்’ என்று முட்டி நின்றது.

அது கிரேசியின் அம்மா சீராகக் கொடுத்த பீரோ. அதை நகர்த்தச் சொல்வதும் மாமியாரையே நகரச் சொல்வதும் ஒன்று. அதனால் ஒரு மாதமாக முழங்காலை மடக்கிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் நடுவில் மாட்டிக்கொண்டவர் மாதிரி அந்த சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

பச்சை ஜாக்கெட்டைப் பார்த்ததும் மூளையில் பல்ப் எரிந்தது. பீரோவை எடு என்று புருஷன் சொன்னால் சண்டை வரும். சேஃப்டி சொன்னால் யார் என்ன செய்ய முடியும்?

சனிக்கிழமை சாயங்காலம் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். அது இரண்டு மாடிக் கட்டிடம். கீழே வீட்டுக்காரர் நயினார், முதல் மாடியில் இவர்கள், எதிர்வீட்டில் ஜோதி, அதற்கு மேலேயும் இரண்டு குடித்தனம். மூணு விசில் கேட்டால் எல்லோரும் வேப்பமரத்தடிக்கு வந்துவிட வேண்டும் என்று காலையிலேயே கதவு கதவாகத் தட்டிச் சொல்லியிருந்தார். பீரோவில் இடித்துக்கொண்டு கிரேசி தாமதமாக வருவாள், அங்கேயே கேஸை முடித்துவிடலாம் என்பது திட்டம்.

கன்னம் உப்ப மூணு விசில் ஊதினார்.

ஒருத்தரும் வரவில்லை. மறுபடி மூணு. ரொம்ப நேரம் கழித்து நயினார் மட்டும் வந்தார். கையில் குடை, பத்திரப் பை, டிவி ரிமோட். கிரேசியும் மற்றவர்களும் ஒவ்வொருத்தராக அவர் பின்னால் வந்து சேர்ந்தார்கள். சேர்ந்தவர்கள் முகத்தில் எல்லாம் கோபம்.

“ஏன் ஜோதி, விசில் கேக்கலியா?”

“கேட்டுச்சுண்ணே. எங்க வூட்டு குக்கருன்னு நெனச்சிக்கினு அடுப்ப அணைச்சிட்டேன். பருப்பு அரைவேக்காடா போச்சு.”

மேல்மாடியில் இரண்டு வீட்டிலும் அதே கதைதான். கட்டிடம் முழுக்க மூணு விசிலுக்கு அடுப்பை அணைத்துவிட்டு அவரவர் சீரியலுக்குத் திரும்பிவிட்டார்கள்.

சின்னப்பராஜுக்கு ரத்தம் கொதித்தது. “குக்கர் விசிலுக்கும் வார்டன் விசிலுக்கும் வித்தியாசம் தெரியாதா? இன்னா ஜனங்க நீங்க? எங்க ட்ரெய்னிங்ல சொன்னான், கேட்டுக்கங்க. படி இறங்குறதுக்கு நேரம் ஆவுறதில்ல. எந்திரிக்கிறதுக்குத்தான் நேரம் ஆவுது. சத்தம் கேட்டும் இன்னாவோ ஏதோன்னு உக்காந்துகினு இருக்கான் பாரு, அவன்தான் மாட்டிக்குவான்.”

எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். அதுதான் சமயம் என்று விஷயத்துக்கு வந்தார்.

“இனிமே சொல்லிட்டு ஊத மாட்டோம். எப்ப வேணா வரும். எந்தப் பொருளால ஒரு ஆள் வெளிய வர லேட் ஆவுதோ, அந்தப் பொருள் நேரா மொட்டை மாடிக்குப் போயிடணும். அது யாரு குடுத்த சீரா இருந்தாலும் சரி.”

கிரேசி அவரை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் செல்போன் கம்பெனி லைனில் நின்றவள். சூப்பர்வைசர் எதற்காகச் சுற்றி வளைக்கிறார் என்று கண்டுபிடிப்பதில் அவளுக்கு நல்ல அனுபவம்.

“எந்தப் பொருளா இருந்தாலுமாங்க?”

“எதுவா இருந்தாலும்.”

“அப்புறம் பேச்சு மாத்த மாட்டீங்களே?”

“சேஃப்டில பேச்சு மாத்துறதே கிடையாது.”

“விசில் நீங்கதான் ஊதணுமா?”

“நெருப்ப எவன் மொதல்ல பாக்குறானோ அவன் ஊதலாம். அதுக்குத்தான் விசில பீரோ கைப்பிடில மாட்டி வைக்கிறேன்.”

“நல்லதுங்க,” என்றாள் கிரேசி. இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டபோதே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

மறுநாள் ஞாயிறு. மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, லுங்கிக்கு மாறி, சோபாவில் சாய்ந்து கிரிக்கெட் போட்டார். சாயங்காலம் கிரேசி துணிக்கூடையோடு வருகிற நேரமாகப் பார்த்து விசில் ஊதி, பீரோவோடு சேர்த்து அவளைப் பிடிப்பதாகத் திட்டம். அடுப்பில் ஆட்டுக்கறி. வாசனை ஹாலுக்கு வந்து மடியிலேயே உட்கார்ந்துகொண்டது.

ஒரு விசில் கேட்டது. இரண்டு. மூணு.

“கிரேசி, கறி வெந்துடுச்சு. அணைச்சிடு,” என்றார் டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

படியில் தடதடவென்று காலடிச் சத்தம். மேல்வீட்டுக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட அடக்கமாக இறங்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார். விக்கெட் ஒன்று விழுந்தது. ரீப்ளே பார்த்தார். இன்னொரு தரமும் பார்த்தார்.

“கிரேசி, தட்டு கொண்டா.”

தட்டு வரவில்லை. முனகிக்கொண்டே எழுந்து அடுப்படிக்குப் போனார். குக்கர் அணைந்து, ஆறிப்போய், சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. திரும்பி வந்தவர் பீரோ கைப்பிடியைப் பார்த்தார். விசிலைக் காணோம்.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் ஓடினார்.

கீழே வேப்பமரத்தடியில் மொத்தக் கட்டிடமும் நின்றுகொண்டிருந்தது. ஒருத்தர் கையிலும் ஒரு பொருள் இல்லை. நயினார்கூட ரிமோட் இல்லாமல் வந்திருந்தார். கிரேசி பச்சை ஜாக்கெட் போட்டிருந்தாள். உண்மையிலேயே அளவு சரியாக இருந்தது. கழுத்தில் விசில்.

“தலை எண்ணிப் பாத்தோம் ராஜு,” என்றார் நயினார் வருத்தமாக. “ஒரு ஆள் மட்டும் உள்ளயே போயிட்டாருன்னு முடிவு பண்ணிட்டோம்.”

“அது... குக்கருன்னு நெனச்சி...”

ஜோதி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

சின்னப்பராஜ் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். “அந்த பீரோதான் வழில...”

“பீரோவத் தாண்டித்தாங்க நானும் வந்தேன்,” என்றாள் கிரேசி. “அதுல மாட்டியிருந்த விசிலத்தான் எடுத்துட்டுப் போய் படியில நின்னு ஊதினேன். படி இறங்க நேரம் ஆவுறதில்ல, எந்திரிக்கத்தான் நேரம் ஆவுதுன்னு நேத்து யாரோ சொன்னாங்க. உங்கள எந்திரிக்க வுடாம புடிச்சி வச்சது எதுங்க?”

மரத்தடியே அவர் வாயைப் பார்த்தது. நேற்றுவரை இத்தனை பேர் உயிரும் இருந்த வாய். இன்றைக்கு அதுவே “சோபா” என்று முனகியது.

சேஃப்டியில் பேச்சு மாற்றுவது கிடையாது. ஜோதியின் புருஷன் ஒரு பக்கம், மேல்வீட்டுப் பையன்கள் ஒரு பக்கம் பிடிக்க, சோபா படியேறியது. படி திருப்பத்தில் அவரும் தோள் கொடுக்க வேண்டியதாயிற்று.

கறிச்சோறு மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டதும் கொஞ்சம் தெம்பு வந்தது. போனால் போகிறது, மொட்டை மாடியில் பீரோ இல்லையே, முட்டாதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேலே ஏறினார்.

சோபா நடுவெயிலில் மல்லாந்து கிடந்தது. கால் பலகை ஒரு மாதத்தில் முதல் தடவையாக முழுசாக நீண்டிருந்தது. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை வெள்ளை வேட்டியை விரித்து, கிரேசி வடகம் பிழிந்து வைத்திருந்தாள்.