ரெக்கார்டு ஊசிக்குச் சந்தனம் வைத்த விவரம்

பட்டாபிராம்,
வியாழன் மதியம்.

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை கிரண் அவர்களுக்கு,

மாமா கோதண்டம் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் உடம்பளவில் நலம். திவ்யாவுக்கு ஆறாம் மாதம் நடப்பதால் அவள் நலத்தைத் தனியாகக் கேட்கிறேன். அவள் மாடிப்படி ஏறக் கூடாது என்று உங்கள் மாமியார் எழுதச் சொன்னாள். பாரிவாக்கம் ஃபிளாட்டில் லிஃப்ட் இருக்கிறதே என்றேன், லிஃப்டிலும் ஏறக் கூடாது என்று எழுதச் சொன்னாள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து வந்த விசேஷம், உங்கள் மாமியார் ஏறாத கோயில் படியில்லை, ஆகவே அவள் சொல்வதை நான் எழுதிவிடுகிறேன், நீங்கள் படித்துவிட்டால் போதும். போனில் பேசாமல் காகிதத்தில் எழுதிப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்புவதற்குக் காரணம், நம் வீட்டுப் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும்.

வரும் ஞாயிறு வந்து ரெக்கார்டு பிளேயரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தீர்கள். அது சம்பந்தமாகச் சில விவரங்கள். ஆவடி ஃபேக்டரியில் நான் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். யார் மேலும் பழி போடுவது என் வேலையல்ல, நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் வேலை. போன பொங்கலுக்கு, அப்போது நீங்கள் இருந்த பெங்களூர் வீட்டில் ஹவுஸ் ஓனர் தொல்லை தாங்காமல் அதை இங்கே கொண்டுவந்து வைத்தபோது, "வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டுங்க மாமா, இல்லன்னா பெல்ட் இறுகிடும். ஊசிய மட்டும் யாரையும் தொட விடாதீங்க. பிரஷ்ல துடைச்சாலும் பின்னாலேர்ந்து முன்னாலதான் வரணும், குறுக்கால போனா போச்சு" என்றீர்கள். அப்படியே செய்தேன். ரெக்கார்டை ஓரத்தில் பிடித்தேன், வெல்வெட் பிரஷ்ஷால் தூசி எடுத்தேன், உறையில் போட்டுப் புத்தகம் மாதிரி நிற்க வைத்தேன். வாரம் ஒரு தடவை என்றதை நானாகத் தினமும் ஒரு தடவை என்று ஆக்கிக்கொண்டேன், அதை இங்கே குறிப்பிடத் தேவையில்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது. நம் வீட்டில் பிளக் உள்ளது, சக்கரம் உள்ளது, சத்தம் போடுவது எதுவானாலும் உங்கள் மாமியார் தாட்சாயிணி கையால் சந்தனம் குங்குமம் வாங்காமல் தப்பாது. மிக்ஸி, ஸ்கூட்டர், டிவி ரிமோட், என் பிரஷர் பார்க்கும் மெஷின் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பிளேயருக்கு மூடி மேல் ஒரு பொட்டு வைத்தால் போதாதா? "மூடிக்கு வெச்சா மெஷினுக்கு வெச்ச மாதிரியா? மொகத்துல வெக்க வேணாமா?" என்று திறந்து பார்த்திருக்கிறாள். பிளேயர் கையின் முனையில் கார்ட்ரிட்ஜ் என்று ஒரு சின்னப் பெட்டி தொங்குகிறதல்லவா, அதுதான் முகம், அதற்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிதான் மூக்கு என்று முடிவு செய்து, மூக்கு நுனிவரை தாராளமாகக் குழைத்து வைத்துவிட்டாள். மறுநாள் விஜயதசமி, மெஷினை ஓட்டித்தான் ஆகவேண்டும், ஓட்டினேன். பாடகர் பஞ்சு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு பாடினார். குனிந்து பார்த்தால் ஊசியே தெரியவில்லை, ஒரு சந்தன உருண்டை ரெக்கார்டு மேல் சறுக்கிக்கொண்டிருக்கிறது. நான் பிரஷ் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள், குத்துவிளக்கு துடைக்கும் ஈரத்துணியால் அவள் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள். குறுக்காக.

மைக் செட் வைத்திருக்கும் அடுத்த தெரு அழகேசனைக் கூப்பிட்டேன். அவர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஊசி ஒட்ச்சிகினு பூட்ச்சி. இத்த வெச்சிகினு பல்லு கூட குத்த முடியாது. டப்பா உள்ளாறயும் சந்தனம் எறங்கிகீது, முழுசா மாத்திடு" என்றார். ரயிலேறி ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன். கார்ட்ரிட்ஜில் இரண்டு ரகமாம்: உள்ளே காந்தம் ஆடுவது ஒன்று, கம்பிச்சுருள் ஆடுவது ஒன்று. இரண்டாவதற்குத் தனியாக இன்னொரு பெட்டி வாங்க வேண்டுமாம், ஆகவே முதலாவது. ஊசி முனையிலும் உருண்டை, நீள்வட்டம் என்று இரண்டு இருக்கிறது. உருண்டை எப்படிப் போட்டாலும் ஓடும். நீள்வட்டம் நுணுக்கமாகக் கேட்கும், ஆனால் கொஞ்சம் கோணலாக வைத்தாலும் கோபித்துக்கொள்ளும் என்றார் கடைக்காரர். அப்படிப்பட்டவரோடு முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் செய்தவன் என்பதால் தைரியமாக நீள்வட்டமே வாங்கினேன்.

இதுவரை எல்லாம் சரி. நான் செய்த ஒரே காரியம், வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டியில் இருந்ததை வாய்விட்டுப் படித்தது. ஊசி முனை வைரம் என்று போட்டிருந்தது.

"வைரமா? அத்த ஏங்க நேரா உள்ள எடுத்துகினு வந்தீங்க?" என்றாள். வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாதாம். தோடே ஆனாலும் கடையில் சொல்லிவிட்டு மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்த்து, நல்லது நடந்தால்தான் காதில் போடுவது வழக்கமாம். கண்ணுக்கே தெரியாத துணுக்குக்குக் கூடவா என்றேன். "வெஷம் எத்தினி சொட்டு வேணும்?" என்று கேட்டாள். பெட்டி சாமி அறையில் ஏறியது. முதல் நாள் தண்ணீர் மோட்டார் புகைந்தது. அது ஆறு மாதமாக முனகிக்கொண்டுதான் இருந்தது. இரண்டாம் நாள் இட்லி பாதி வெந்திருக்கும்போது கேஸ் தீர்ந்தது. என்றைக்காவது தீரத்தானே வேண்டும்? மூன்றாம் நாள் ஆவடி மார்க்கெட்டில் அவள் செருப்பு அறுந்தது. ஒவ்வொன்றுக்கும் காரணத்தை வரிசையாகச் சொன்னேன். "நீங்க காரணம் சொல்லிகினே இருங்க. மசக்கக்காரி இருக்கற குடும்பத்துல இத்த வெச்சிகினு என்னால தூங்க முடியாது" என்றாள்.

வாசலுக்கு வெளியே என்று ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தேன். ஸ்கூட்டர் பஞ்சர். சரியென்று அழகேசனிடம் கொடுத்து, ஞாயிறுவரை வைத்திருங்கள் என்றேன். அன்று மாலையே அவருக்கு இரண்டு கல்யாண ஆர்டர் வந்துவிட்டது. நேற்று திருப்பிக் கேட்கப் போனேன். பெட்டி அவர் கல்லாவுக்கு மேல் மாலை போட்டு இருக்கிறது. "தப்பா நெனச்சிக்காத சார், இந்த வைரம் நமக்கு செட்டாயிட்ச்சி. ரெண்டு முகூர்த்தம் போவட்டும், அப்பால பாக்கலாம்" என்கிறார்.

ஆகவே நிலவரம்: பிளேயர் இருக்கிறது, ஊசி இல்லை. உடைந்த பழைய ஊசியை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். அதன் முனையும் வைரம்தான் என்பதை இந்த வீட்டில் நான் யாரிடமும் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். தயவுசெய்து ஞாயிறு காலையிலேயே வந்து மெஷின், ரெக்கார்டு, பிரஷ், தீப்பெட்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுங்கள். சாயங்காலங்களில் எனக்குக் கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கும், பழகிக்கொள்வேன்.

திவ்யாவுக்கும், வரப்போகிற சின்னவருக்கோ சின்னவளுக்கோ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். எல்லா நலமும் உங்கள் வீடு தேடி வரட்டும்.

இப்படிக்கு,
அன்பு மாமா
கோதண்டம்

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படம் எடுப்பதற்குள் கண்ணாடி தேட உள்ளே போனேன். அதற்குள் உங்கள் மாமியார் படித்துவிட்டாள். "அப்போ பழைய ஊசியும் வைரமா?" என்று கேட்டாள். பொய் ரிப்போர்ட் கொடுத்துப் பழக்கமில்லை, ஆமாம் என்றேன். கத்துவாள் என்று நின்றேன். அவள் விரல் மடக்கி எண்ணினாள். "தையில ஊட்டுக்குள்ள வந்துது. சித்திரையில திவ்யாவுக்கு நின்னுது. ஏழு வருசமா எந்த சாமியும் குடுக்காதத..." என்றாள். தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சாமி அறையில் உட்கார்ந்து அழுதாள். இதற்கும் என்னிடம் காரணங்கள் இருந்தன, மாப்பிள்ளை. சொல்லவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சாப்பிட மட்டும் வந்தால் போதும். பிரசவம் ஆகும்வரை அந்த மெஷின் இந்த வாசலைத் தாண்டாது. உடைந்த ஊசிக்கு இப்போதுதான் மறுபடியும் சந்தனம் வைத்து முடித்தாள்.