ஒன்பது கல்லும் ஒரு ஸ்லாட்டும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன், பட்டறையின் தற்காலிகப் பொறுப்பாளன், நீங்கள் ‘வைஃபை’ என்று கூப்பிடுகிறவன் எழுதிக்கொள்வது. அங்கே வார்டில் உங்கள் இதயம், பி.பி., தூக்கம் மூன்றும் டாக்டர் பேச்சைக் கேட்டு நடக்கும் என்று நம்புகிறேன். இங்கே யாவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. நம் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாம் நலமில்லாமல் போனவர்களின் வீட்டுக்காரர்கள் என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். உங்கள் போனை நர்ஸ் வாங்கி வைத்துவிட்டதால் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேனாவில் கடிதம் எழுதுகிறேன். எழுதியதை அழிக்கப் பட்டன் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்கு அத்தை சாப்பாட்டுப் பையோடு இதையும் எடுத்து வருவார்கள். அத்தை, வழியில் பிரித்துப் படித்தால் உங்களுக்கும் வணக்கம். பஸ்ஸில் வாய்விட்டுப் படிக்காதீர்கள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மாமா. நாளைக் காலை எதிர்த்தெரு லேசர்காரர் பத்திரத்தோடு உங்களைப் பார்க்க வருவார். நம் எழுத்து வெட்டும் மெஷினை இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டு, காத்திருக்கிற ஒன்பது கல்லறைக் கல்லையும் தானே வெட்டிக் கொடுப்பாராம். கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நம் மெஷின் இனிமேல் ஓடாது. நிறுத்தியது நான்தான்.

ஆம்புலன்ஸில் ஏறும்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? “அந்தக் கம்ப்யூட்டர் கண்ணு முழிக்கவே அரை மணி நேரம் ஆகுது, நல்லதா ஒண்ணு வாங்கிப் போடுடா.” அதை நான் கடைசி ஆசை மாதிரி எடுத்துக்கொண்டேன். மன்னிக்கவும், கடைசி என்று எழுதியிருக்கக் கூடாது. அடிக்கவும் மனசில்லை, அடித்தால் கறுப்பாகத் தெரியும். அறுபது வீடியோ பார்த்தேன் மாமா. ரேம் எவ்வளவு வரை ஏற்றலாம், இன்னும் நாலு வருஷம் கழித்து வரப்போகிற பிராசஸர் இதே மதர்போர்டில் உட்காருமா, பெரிய கிராபிக்ஸ் கார்டு வைக்க உள்ளே எத்தனை விரல்கடை இடம் இருக்கிறது, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு போனேன். கடைக்காரர் நோட்டைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். “தம்பி, இது உங்க பேரன் வரைக்கும் தாங்கும்” என்றார். நாலு சைடும் கறுப்பான பெட்டி இல்லை மாமா, ஒரு சைடு முழுக்கக் கண்ணாடி, உள்ளே மூணு ஃபேன், மூணும் கலர் மாத்தும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டேன். போடுவதற்கு முன்னால் உங்கள் புரோகிராம், எழுத்து மாதிரிகள், இருபது வருஷத்துக் கல் டிசைன் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்து வைத்தேன். அந்த அளவுக்கு விவரம் உண்டு எனக்கு. மெஷினிலிருந்து வருகிற கேபிளைக் கழட்டப் பார்த்தேன், ஸ்க்ரூ துருப்பிடித்து வரவில்லை, அதனால் கேபிள் மாட்டியிருந்த பச்சைக் கார்டையும் சேர்த்தே உருவிவிட்டேன். அது தூண்டிலில் மாட்டின மீன் மாதிரி கேபிள் நுனியில் தொங்கியது. ‘பழங்காலத்துப் பொருள், அழகா இருக்கே’ என்று போட்டோ எடுத்துப் போட்டேன். நூத்திப் பதினாலு லைக்.

அந்தக் கார்டு இல்லாமல் மெஷின் அசையாதாம். அந்தக் கார்டு உட்கார ஒரு நீளமான பழைய ஸ்லாட் வேணுமாம். புதுசுல அந்த ஸ்லாட் இல்ல மாமா. ஒண்ணு கூட இல்ல. முன்னாடி எவ்வளவு தூரம் போகும்னு அறுபது பேர் சொன்னாங்க, பின்னாடி எவ்வளவு தூரம் வரும்னு ஒருத்தரும் சொல்லல, நானும் கேக்கல. ஓடிப்போய்க் கடைக்காரர்கிட்ட நின்னா, “பழைய பெட்டியா? அது மூணு நாள் முன்னாடியே நசுக்கப் போயிடுச்சே தம்பி” என்றார். எழுந்து நிற்கக்கூட இல்லை.

சரி, அடாப்டர் வாங்கினேன். ஒரு முனையில் புதுசு, ஒரு முனையில் பழசு, நடுவுல என் நம்பிக்கை. மெஷினும் ஓடிச்சு. கணக்கு வாத்தியார் கல்லை ஏத்தினேன். பேர் அச்சு அசலா வந்துச்சு, நான் வீடியோகூட எடுக்க ஆரம்பிச்சுட்டேன், அப்போ ஊசி ஒரு நொடி நின்னு யோசிச்சுது, யோசிச்சுட்டு இடமிருந்து வலமா அந்தப் பேர் மேலேயே நேரா ஒரு கோடு இழுத்துச்சு. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் விடையை அடிச்ச மனுஷன் மாமா அவர். அவர் பையன் வந்து கல்லைத் தடவிப் பார்த்தார். அப்புறம், “எங்கப்பா பேரையே அடிச்சிட்டீங்களே” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. பாலீஷ் அக்கா ரெண்டு நாள் அந்தக் கல்லைத் தேய்த்துக் கோட்டை எடுத்தார்கள். பேரும் போயிற்று, கல்லும் ஒரு விரல் இளைத்துவிட்டது. தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்து, “உள்ள லைட்டெல்லாம் நல்லாத்தான் எரியுது தம்பி, வெளிய வேலைதான் நடக்கல” என்றார்கள். கம்ப்யூட்டரைச் சொன்னார்களா, என்னைச் சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை.

அதற்குள் மூணு ஃபேனும் சேர்ந்து பட்டறையிலிருக்கிற கல் தூசியை எல்லாம் உள்ளே இழுத்துவிட்டன. கண்ணாடி வழியாகப் பார்த்தால் மாவு மில் மாதிரி இருக்கிறது, கலர் மாறுகிற மாவு மில். செகண்ட் ஹேண்ட் கடை பதினோரு இடம் ஏறி இறங்கினேன். அந்த ஸ்லாட் இருக்கிற பெட்டி மூணு கிடைத்தது, மூணும் உயிரில்லாதது. ஆன்லைனில் ஒருத்தன் வைத்திருக்கிறான், வந்து சேர ஆறு வாரமாம்.

ஆறு வாரம் எப்படி மாமா காத்திருக்கிறது? செத்தவங்களுக்கு அவசரம் இல்ல, சரி. ரிட்டயர்டான பஸ் டிரைவர் ஐயா ஞாபகம் இருக்கா, சம்சாரத்தோட கல்லுக்கு நீங்க வாக்கு குடுத்தீங்களே? அவர் தினமும் பத்து மணிக்கு வருகிறார். பத்து என்றால் பத்து, டெப்போ டைம். உள்ளே வரமாட்டார், வாசலில் நின்று, “கிளம்பிடுச்சா?” என்று கேட்பார். “இன்னும் இல்லைங்க ஐயா” என்பேன். “வர்ற புதன்கிழமை ஒரு வருஷம் ஆகுது. வெறும் மண்ணா கிடக்கா. அதுக்குள்ள கல்லு நிக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போவார். நாலு நாளாக நாலு பொய் சொன்னேன், கரண்ட் இல்லை, கல் வரவில்லை, எனக்குக் காய்ச்சல். இன்று காலை பொய் தீர்ந்துவிட்டது. உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன். கார்டையும் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எந்த வருஷத்து வண்டிக்குப் பொருந்தும்?” என்றார்.

“இருபது இருபத்தஞ்சு வருஷம் பழசா இருக்கணும் ஐயா. நடுவுல எதையும் மாத்தியிருக்கக் கூடாது.”

கார்டை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். புதன்கிழமை என்றுகூடச் சொல்லவில்லை. லேசர்காரரிடம்தான் போயிருப்பார், போகட்டும், அங்கேயாவது அந்த அம்மாவுக்கு ஒரு கல் நிற்கட்டும். அதனால்தான் சொல்கிறேன், கையெழுத்துப் போடுங்கள். உங்கள் வாக்கை நான் காப்பாற்றவில்லை, அவராவது காப்பாற்றட்டும். என்னை நீங்கள் திட்ட வேண்டாம், டாக்டர் திட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து திட்டுங்கள், நான் இங்கேயேதான் இருப்பேன்.

அத்தை சொல்கிற மாத்திரையைச் சொல்கிற நேரத்தில் போடுங்கள். பாலீஷ் அக்கா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள். அம்மா உங்களுக்காகத் தினமும் விளக்கு முன்னால் நின்று என்னைத் திட்டுகிறாள். நீங்கள் நூறு வயது இருந்து, உங்கள் கல்லை வெட்ட ஆளே இல்லாமல் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

தலைகுனிந்த மருமகன்,
வைஃபை

பி.கு.: மாமா, கையெழுத்துப் போடாதீங்க. மேலே எழுதினது எதையும் நம்பாதீங்க. இப்ப மணி நாலே முக்கால், அத்தை வாசல்ல செருப்போட நிக்கறாங்க, அவசரமா எழுதறேன். மூணு மணிக்கு ஒரு டாக்ஸி வந்து நின்னுச்சு. நம்ம பஸ் டிரைவர் ஐயா இறங்கினார். முன் சீட்டுல ஒரு பழைய கம்ப்யூட்டர், பூப்போட்ட துணி உறை போட்டு, சீட் பெல்ட் கட்டி உட்காந்திருக்கு. அவர் சம்சாரம் வீட்டுல டைப்பிங் வேலை செஞ்ச பெட்டி. ஒரு வருஷமா ஆன் பண்ணல, வாராவாரம் உறையைக் கழட்டித் துடைச்சு மறுபடி மாட்டுவாராம். “அவ எதையும் மாத்த விடமாட்டா. என்னையும் சேர்த்து”ன்னார். பக்கத்தைத் திறந்தேன். அந்த ஸ்லாட் மூணு இருக்கு மாமா, மூணும் காலி. கார்டு டக்குனு உட்காந்துச்சு. பென் டிரைவ்லேர்ந்து புரோகிராமை ஏத்தினேன். முதல்ல கணக்கு வாத்தியார் கல், கோடு இல்லாம முடிஞ்சுது. இப்ப அந்த அம்மாவோட கல் ஓடிட்டிருக்கு. ஒன்பதும் முடியற வரைக்கும் பெட்டி இங்கேயே இருக்கட்டும், தினம் பத்து மணிக்கு வந்து தூசி துடைச்சுக்கறேன்னு சொல்லிட்டார். உறையைக் கழட்டி நம்ம புதுசு மேல போட்டுட்டார், லைட்டு கண்ணைக் கூசுதாம்.

ஒண்ணே ஒண்ணு மாமா. உள்ளே பேட்டரி போனதால அந்தப் பெட்டியோட தேதி இருபத்திரண்டு வருஷம் பின்னால போய் நிக்குது. சரி பண்ணப் போனேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டார். “இருக்கட்டும் தம்பி. அந்தத் தேதியில அவ வீட்டுலதான் இருக்கா.” மாத்தல. அந்தப் பெட்டியோட கணக்குப்படி அவங்க போறதுக்கு இன்னும் இருபத்தோரு வருஷம் இருக்கு. ஆனாலும் நான் அடிச்சுக் குடுத்த தேதியை ஒரு எழுத்து பிசகாம வெட்டிட்டிருக்கு. அவர் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்காந்து, கல்லைப் பார்க்காம, ஸ்கிரீன் மூலையில இருக்கிற தேதியையே பார்த்துட்டிருக்கார்.