ஒரே வயிற்றில் பிறந்தும் வேறு வேறு மாத்திரை

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மூத்த மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமா என்று நானே சொல்லிக்கொள்ளும் காலம் போய்விட்டது. இப்போதெல்லாம் அதைப் பஞ்சு சுற்றிய ஒரு குச்சியிடம்தான் கேட்க வேண்டும். அந்தக் குச்சியை என் வாய்க்குள் விடச் சொன்ன புண்ணியவான் நீங்கள் என்பதால் என் கோபம் முழுவதும் உங்கள் முகவரிக்கே வருகிறது. போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஆரம்பித்ததுமே "சரி சரி, இந்தா உங்க அக்காகிட்ட பேசு" என்று கொடுத்துவிடுவீர்கள். கடிதத்தை நீங்கள்தான் படித்தாக வேண்டும்.

நானும் தம்பியும் கண்ணாடிக் கடை நடத்துகிற விதம் உங்களுக்குத் தெரியும். ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படியேறினால் முன்னால் நான், பின்னால் அவன், இரண்டு பேர் காலும் ஒரே நேரத்தில் எழும். இப்படியே பழகியதாலோ என்னவோ எங்களுக்கு எல்லாமே சேர்ந்தே வந்தது. வழுக்கை சேர்ந்து வந்தது. வெள்ளெழுத்து சேர்ந்து வந்தது. நெஞ்சடைப்பும் அப்படித்தான், ஒரு வருஷம் முன்பின்னாக வந்தது. மூத்தவன் நான் இருக்கும்போது அதில் அவன் முந்திக்கொண்டதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஒரே மருத்துவமனை, ஒரே டாக்டர் அம்மா, ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்க ஒரே மாதிரி ஸ்டென்ட், அதற்குள் ரத்தம் உறைந்து அடைக்காமலிருக்க இருவருக்கும் ஒரே மாத்திரை. மதியச் சாப்பாடு முடிந்ததும் தம்பி அட்டையைப் பிதுக்கி எனக்கு ஒன்று கொடுத்துத் தானும் ஒன்று போட்டுக்கொள்வான். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

இப்படி இருக்கையில், ஓர் அழகு நிலையத்துக்குச் சுவர்க் கண்ணாடி மாட்டப் போனோம். லிஃப்ட் இருந்தது, கண்ணாடிதான் அதற்குள் நுழையவில்லை. படியில் தூக்கிக்கொண்டு முதல் மாடித் திருப்பத்துக்கு வந்தபோது என் நெஞ்சுக்குள் யாரோ திருகாணியை முறுக்கி ஏற்றுவது போல இருந்தது. நான் நின்றேன். பின்னாலிருந்து தம்பி, "அண்ணே, என்ன?" என்றான். நான் கண்ணாடியைத் தொடையில் தாங்கிக்கொண்டேன்.

"அண்ணே, கண்ணாடியக் கீழ வை."

"ஓரம் போயிடும்டா."

"போனா போகுது, வேற வெட்டிக்கலாம். நீ மொதல்ல வை."

வைத்தேன். ஓரம் போனது. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கண்ணாடியில் சுண்ணாம்பாய் வெளுத்த ஒரு கிழவன் தெரிந்தான். 'பாவம், யாரோ' என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே தம்பி என்னைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டான்.

மருத்துவமனையில் ஸ்டென்டுக்குள்ளேயே மறுபடி அடைக்கத் தொடங்கியிருக்கிறது என்று அதைச் சரி செய்தார்கள். அதற்கு நான் நன்றி மறக்கவில்லை. ஆனால் கண் விழித்ததும் டாக்டர் அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரைய ஒழுங்கா போட்டீங்களா, இல்ல நடுவுல விட்டுட்டீங்களா?" என்பது. வாழ்நாளில் ஒரு மாத்திரையை ஏமாற்றியவன் இல்லை நான். தம்பி சாட்சி சொன்னான்: "என் கண்ணு முன்னாடிதான் டாக்டர் தினமும் முழுங்குறாரு." அப்படியென்றால் மாத்திரை இவர் உடம்பில் வேலை செய்கிறதா என்று பார்க்க, வாய்க்குள் பஞ்சுக் குச்சியால் தடவி எடுக்கும் ஒரு மரபணுப் பரிசோதனை இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார் அந்த அம்மா. யோசிப்பதற்குள் நீங்கள் போனில் வந்து, "காலம் எங்கேயோ போயிட்டிருக்கு, உடனே பண்ணிடு மாப்ளே" என்று சொல்லிவிட்டீர்கள். நான் செய்த மடத்தனம், தம்பிக்கும் சேர்த்தே எடுக்கச் சொன்னது. இரண்டும் ஒன்றுபோல வந்து டாக்டர் அம்மாவின் வாயை அடைக்கட்டும் என்று நினைத்தேன்.

முடிவு வந்த அன்று எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்:

"நீங்க முழுங்குற மாத்திரை அப்படியே வேலை செய்யாது. கல்லீரல்தான் அதை மருந்தா மாத்தணும். உங்க தம்பிக்கு நல்லா மாத்துது. உங்களுக்கு மாத்தவே இல்ல. பிறவியிலேயே அப்படி."

"அப்ப ஒரு வருஷமா நான் முழுங்கினது?"

"உள்ள போச்சு, வெளிய போச்சு."

விழலுக்கு இறைத்த நீர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன் அத்தான். அந்த விழல் என் வயிற்றுக்குள் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே பானைச் சோறு தின்று வளர்ந்தவர்களுக்குக் கல்லீரல் மட்டும் எப்படி வேறாகும் என்று கேட்டேன். மாத்திரையை மருந்தாக மாற்றும் ஜீன் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று ஆளுக்கு இரண்டு வருமாம். அவர்கள் இருவரிடமும் நல்லது ஒன்றும் வேலை செய்யாதது ஒன்றும் இருந்திருக்குமாம். வேலை செய்யாதது இரண்டும் என்னிடம் வந்துவிட்டதாம், நல்லது இரண்டும் தம்பியிடம் போய்விட்டதாம். வீட்டைப் பிரித்தபோது ஒரு ஜன்னலுக்குக்கூட நான் சண்டை போடவில்லை, நீங்களே நடுவில் இருந்தீர்கள். ஆனால் பிறப்பதற்கு முன்பே இப்படி ஒரு பாகப்பிரிவினை நடந்திருக்கிறதே, இதை யாரிடம் போய்ச் சொல்ல? அந்த நேரத்தில் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சிரிப்பை அடக்கினான் என்பது அவன் காது அசைந்ததில் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து உங்கள் தங்கை முறையாகிற என் மனைவியிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தது என் தப்பு. "இதுக்கா வாயில குச்சி விட்டாங்க? என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. உங்களுக்கு எது உள்ள போனாலும் ஏறாது" என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள். தம்பி மனைவி போனில் கூப்பிட்டு, "ஒண்ணும் கவலப்படாதீங்க மாமா, இது உங்க தப்பு இல்ல" என்றாள். தப்பு என்று யார் சொன்னது? கடைக்கு வருகிறவர்களிடம் தம்பி குரலைத் தாழ்த்தி, "அண்ணனுக்கு ஜீன்ல ஒரு சின்ன விஷயம், கனமா எதுவும் குடுக்காதீங்க" என்று சொல்கிறான். குளியலறைக் கண்ணாடி அளவு கொடுக்க வந்த ஒருவர் என்னைத் தொட்டு, "தைரியமா இருங்க" என்றார். அவருக்கு நான் கண்ணாடியைக் கோணலாக வெட்டியிருக்க வேண்டும். தொழில் தர்மம் தடுத்தது.

பஞ்சுக் குச்சி மாறிப்போயிருக்கும் என்று பரிசோதனைக் கூடத்துக்கே போய்க் கேட்டேன். "எங்க ரெண்டு பேர் குச்சியையும் பக்கத்துல பக்கத்துல வச்சீங்களா?" என்றேன். "எல்லாரோடதையும் அப்படித்தான் சார் வைப்போம்" என்றான் அங்கிருந்தவன். வேறோர் இடத்தில் மறுபடி கொடுத்தேன். அங்கேயும் அதே தீர்ப்பு. அதுவரை, டாக்டர் அம்மா மாற்றி எழுதிக் கொடுத்திருந்த புது மாத்திரையைத் தொடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். இரண்டாவது தீர்ப்பு வந்த அன்று மதியமும் பழைய அட்டையை நானே பிதுக்கினேன். தம்பி என் கையைப் பிடித்து மாத்திரையைப் பிடுங்கி, உடைந்த கண்ணாடி போடும் தொட்டியில் வீசினான்.

"இதுதான் உனக்கு வேலை செய்யலன்னு ரெண்டு இடத்துல சொல்லிட்டாங்கல்ல? இன்னொரு தடவ உன்னத் தூக்கிட்டு எறங்க என்னால முடியாதுண்ணே."

"கனமா இருந்தேனா?"

"இல்ல. பயமா இருந்துச்சு."

அவன் கண் கலங்கியிருந்தது. கண்ணாடித் தூள் பட்டிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். புது மாத்திரையைப் போட்டேன். அது கல்லீரலிடம் போய்க் கைகட்டி நிற்காதாம், நேராகவே வேலை செய்யுமாம். இப்போது படியேறினால் நெஞ்சு பிடிப்பதில்லை என்பது உண்மைதான். அதற்காக என் மானம் திரும்பி வந்துவிடுமா?

சரி, எனக்கு மாற்றினால் தம்பிக்கும் அதையே கொடுங்கள், எப்போதும் போல ஒரே அட்டையில் போட்டுக்கொள்கிறோம் என்று டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். "அவருக்கு எதுக்குங்க, அவருக்குத்தான் பழையதே நல்லா கேக்குதே" என்றார். ஆகவே அத்தான், நீங்கள்தான் இந்த வினையைத் தொடங்கினீர்கள், நீங்களே முடித்துவையுங்கள். தம்பியைக் கூப்பிட்டு அண்ணனின் ஜீனைக் கடைவீதியில் பேசக் கூடாது என்று கண்டியுங்கள். தம்பிக்கும் என் மாத்திரையையே கொடுக்கச் சொல்லி டாக்டர் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை எழுதுங்கள். இனி நம் குடும்பத்தில் ஒருவர் வாய்க்குள்ளும் குச்சி போகக் கூடாது. பரிசோதனை என்ற சொல்லையே நீங்கள் என் காதுபட எடுக்க வேண்டாம்.

அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும், அவரவர் மருந்து அவரவருக்கு ஏறும் உடம்போடும் இருக்க ஆசிகள்.

மனம் நொந்த,
உங்கள் மூத்த மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் தம்பி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். டாக்டர் அம்மா போன் செய்தாராம். அதே குச்சியில், நாங்கள் இருவரும் ராத்திரியில் போடுகிற கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைக்கும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த மாத்திரை தம்பியின் ரத்தத்தில் அளவுக்கு மேல் தங்கிவிடுகிறதாம், கொஞ்ச நாளாக அவனுக்கு இருக்கிற ஓயாத கால் வலி அதனால்தானாம். பயப்பட ஒன்றுமில்லை, வேறு கொடுத்தால் சரியாகிவிடுமாம். அதே மாத்திரை எனக்குத் தேன் போல இறங்குகிறதாம். அத்தான், மேலே எழுதியதை நீங்கள் படித்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டாம். அறிவியல் என்றால் இதல்லவா அறிவியல். அக்காவையும் நாளைக்கே அழைத்துப்போய்க் குச்சி கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு குறை வைத்த அப்பாவும் அம்மாவும் மூத்த மகளை மட்டும் விட்டிருப்பார்களா? அவளுக்கு எல்லா மாத்திரையும் நன்றாகக் கேட்கிறது என்று வந்தால் மட்டும் எனக்கு எழுத வேண்டாம்.