ஒரு சாண் குறைந்த ஓவியம்

ஓவியம் கற்பவர்களில் ஓர் இனம் உண்டு. 'இயற்கை உபாசகர்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஒருவராவது இருப்பார். மலையைக் கண்டால் கண் கலங்குவார், மேகத்தைக் கண்டால் மூச்சை மறப்பார், குறுக்கே ஒரு மனிதர் வந்துவிட்டால் மட்டும் முகம் சுளிப்பார்.

டாஸ்மேனியாவில் எங்கள் ஊர் உபாசகர் மெர்வின் ஹாட்டம். முப்பது ஆண்டு நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். செவ்வாய்தோறும் ஓவியக்கூடத்தில் நடக்கும் எண்ணெய் வண்ண வகுப்புக்கு, வேண்டுமென்றே இரண்டு இடத்தில் வண்ணம் பட்ட மேலங்கியோடு வருவார். தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து ஒரு கண்ணை மூடுவார், மூன்றடி பின்னால் போவார், யார் காலையாவது மிதிப்பார், பிறகு "அந்தத் தனிமையப் பாருங்க" என்று பெருமூச்சு விடுவார்.

எந்தத் தனிமை? நூற்றெண்பது ஆண்டுக்கு முன் ஓர் ஆங்கிலேயர் தீட்டி, இப்போது வகுப்பே நகலெடுத்துக்கொண்டிருந்த அந்தப் படத்தில் மலை உண்டு, ஆறு உண்டு, அடியில் கரையோரம் தீ மூட்டி உட்கார்ந்திருக்கும் நான்கு பேரும் உண்டு. இந்தத் தீவின் பூர்வகுடிகள்.

கூடத்துக்கு ஒரு விதி: நகல், மூலத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். மற்ற ஐந்து பேரும் கட்டம் போட்டு எல்லாவற்றையும் சுருக்கினார்கள். மெர்வினுக்கு மலையில் ஓர் அங்குலம் குறைக்கவும் மனம் வரவில்லை. படத்தின் அடியில் ஒரு சாண் உயரத்தை வெட்டிவிட்டார். நான்கு பேரும் போனார்கள். புகை மட்டும் நின்றது.

சிறந்த நகல் புதிய நகர மன்றத்தின் வாசலில் மாட்டப்படும். மெர்வினுடையதுதான் என்று வகுப்பே பேசிக்கொண்டது; அவரும் மறுக்கவில்லை. கடைசிச் செவ்வாயன்று புகையை மேலும் ஒரு பூச்சில் மெருகேற்றிக்கொண்டிருந்தபோது, கூடத்தின் காவலாளி லொரெய்ன் பின்னால் வந்து நின்றார். பூர்வகுடிப் பெண். மூலப்படத்துக்கு எதிர் நாற்காலியில் பதினோரு ஆண்டாக உட்கார்ந்திருப்பவர்.

"ஏம்பா மெர்வ், புகை இருக்கு. நெருப்பு எங்க?"

"அது மூடுபனி."

"மூடுபனி கயிறு மாதிரி ஒரே எடத்துலருந்தா எந்திரிக்கும்?"

மெர்வின் உண்மையை ஒப்புக்கொண்டார். "ஆளு வரையறது கஷ்டம் லொரெய்ன். நாலு பேருக்கு எட்டு காலு."

"உக்காந்துல்ல இருக்காங்க. பாதிக் காலு மடங்கிப்போச்சு, உனக்குப் பாதி வேலை மிச்சம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவங்க எங்க ஆளுங்கப்பா. அந்த வாசல் வழியாத்தான் நாளைக்கு எங்க புள்ளைங்களும் போகும். இங்க யாருமே இருந்ததில்லன்னு நெனச்சுக்கிட்டுப் போகணுமா?"

மெர்வினுக்கு உறைத்தது. அதை மறுக்க முடியாது. வெகுநேரம் படத்தையே பார்த்தார். மூலத்தில் இருந்ததும் தன் படத்தில் இல்லாததும் முதல் தடவையாகக் கண்ணில் பட்டது. நிமிர்ந்து நின்றார். துணியை டர்பன்டைனில் நனைத்தார். எண்ணெய் வண்ணம் காய நாளாகும். மனம் திருந்த அவ்வளவு அவகாசம் எந்தக் கலையிலும் கிடையாது.

ஒரே இழுப்பில் புகையைத் துடைத்துவிட்டார்.

"ரொம்ப நன்றி லொரெய்ன்," என்றார் மனதார. "ஏதோ இடிக்குதுன்னு எனக்கே தோணிச்சு. இப்ப சரியாயிருச்சு."

லொரெய்ன் தம் நாற்காலிக்குத் திரும்பினார். தேர்வுக்குழு மெர்வினின் படத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. மனிதக் கால் படாத தூய்மை என்று பாராட்டுரையில் எழுதியும் வைத்தது.

சிரிக்கிறீர்களா? நல்லது. போன விடுமுறையில் கோபுரத்தையோ அருவியையோ படம் பிடித்தபோது, அங்கே பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் "கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்று சொன்னது யார்? கைபேசியைத் திறந்து பாருங்கள். ஓரத்தில் துடைப்பத்தின் நுனி இன்னும் தெரியக்கூடும்.

அதுவும் தெரியவில்லையா? அப்படியானால் நீங்கள் மெர்வினைவிடக் கைதேர்ந்தவர்.