கழட்டியர் காய்ச்சாத பால்

பருத்தித்துறையில் கழட்டியர் கழட்டாத சாமான்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று வெளிச்சவீடு. மற்றது அவருடைய மனைவியின் மூக்குத்தி. முதலாவதற்கு ஏணி எட்டவில்லை, இரண்டாவதற்குத் துணிச்சல் வரவில்லை.

தன் கலியாணத்தன்றே மணவறைக்குப் பக்கத்தில் இருந்த மணிக்கூட்டைக் கழட்டிப்போட்டாராம். ஐயர் வாசலுக்குப் போய் வெயிலைப் பார்த்துவந்துதான் தாலி கட்டச் சொன்னாராம். கழட்டியதைத் திரும்பப் பூட்டும்போது எப்போதும் இரண்டு ஆணி மிஞ்சும். கேட்டால், "அது செய்தவன்ரை பிழை. தேவையில்லாமல் போட்டிருக்கிறான்" என்பார்.

அப்படிப்பட்டவரிடம்தான் நான் என் மகளின் எதிர்காலத்தை ஒப்படைக்க வேண்டி வந்தது.

அப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கொம்பியூட்டர் ஒன்று அங்கே இருந்தது. பக்கத்தில், தகவல்களைச் சேமித்துவைக்க, செங்கல் அளவில் தனியாக ஒரு டிரைவ். பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளின் பெயர்ப்பதிவான சேர்வு இடாப்பு முழுவதையும் அதற்குள் தட்டி ஏற்றியவள் நான். பிறகு ஒருநாள் சண்டையில் செல் விழுந்து வெடித்து ஓடு பறந்தது. மழையில் கடதாசி இடாப்புகள் கஞ்சியாயின. மிஞ்சியது அந்தச் செங்கல் ஒன்றுதான். மின்சாரமும் போய்விட்டதால் ஒரு வருடம் சும்மா கிடந்தது.

என் மகள் சுகந்தி அந்த இடாப்பில் கடைசியாகச் சேர்ந்தவள். அவளுக்குக் கொழும்பில் படிக்க இடம் கிடைத்தது. எங்கள் பள்ளிக்கூடம் கொடுக்கும் விடுகைப் பத்திரம் ஒரு கிழமைக்குள் போய்ச் சேரவேண்டும். இடாப்பில்லாமல் பள்ளி அதிபர் எதைப் பார்த்துக் கையெழுத்து வைப்பார்? கழட்டியர் தன் ஜெனரேற்றரைக் கொண்டுவந்து இயக்கினார். டிரைவ் கொத்துரொட்டி போடுகிற சத்தம் போட்டது.

"ரீச்சர், உது சாகப்போகுது. இனி ஒருக்காத்தான் எழும்பும், இடையிலை நிண்டால் சரி. உள்ளுக்கை இருக்கிறதை வேறை ஒண்டுக்கு மாத்தவேணும்."

மூடிப்போன ஒரு கொம்பியூட்டர் வகுப்பில் தூங்கிய டிரைவ் ஒன்றைத் தேடிப்பிடித்து வந்தார். ஆனால், அதைப் பூட்டமாட்டேன் என்று நின்றார்.

"புதுவீட்டுக்குக் குடிபூரல் செய்யாமல் ஏலாது. எல்லாரும் ஆளுக்கொரு போத்தல் மண்ணெண்ணை கொண்டுவரவேணும், பால் காய்ச்ச."

அதிபருக்குக் கண் பிதுங்கியது. "அண்ணை, மெசினுக்கும் பால் காய்ச்சிறதோ?"

"ஆயிரம் பிள்ளையள் வீடு மாறீனம், சேர். பால் காய்ச்சாமல் கூட்டிக்கொண்டு போனால் அங்கை இருக்குங்களோ?"

மண்ணெண்ணெய் தங்கமாக இருந்த காலம். இருந்தும் மறுநாள் காலை ஆசிரியர்களிடமிருந்து ஒன்பது போத்தல்கள் வந்து வரிசையில் நின்றன. குடிபூரலுக்கு இல்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அடுப்பில் பால்சட்டியும் ஏறியது. "நேரம் வரேல்லை" என்று கழட்டியர் அடுப்பைப் பற்றவிடவில்லை. இரண்டு டிரைவையும் தொடுத்து, வருடம் வருடமாக மாற்றத் தொடங்கினார்.

கொம்பியூட்டர் "முடிந்தது" என்று காட்டினால் நம்பமாட்டார். "அது சொல்லும். நீங்கள் புதுசுக்குள்ளை பாத்து வாசியுங்கோ." நான் ஒவ்வொரு பெயராக வாசிக்க, அவர் பழையதைப் பார்த்து, "வந்திட்டார்", "வந்திட்டா" என்று கூவுவார். பழைய வருடங்கள் முதலில். சுகந்தியின் வருடம் கடைசியில்.

அந்தக் கடைசி வருடம் பாதி போயிருக்கும். வெளியே ஜெனரேற்றர் இருமியது.

"அண்ணை! மண்ணெண்ணை முடியுது!" என்று கத்தினேன்.

கழட்டியர் ஓடவில்லை. நடந்துபோய், ஒன்பது போத்தலையும் ஒவ்வொன்றாக ஜெனரேற்றருக்குள் ஊற்றினார். பத்தாவதாகத் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து அதையும் ஊற்றினார். இருமல் நின்றது.

"அப்ப பால்?" என்றார் அதிபர்.

"பச்சையாக் குடியுங்கோ, சேர். மெசினுக்கு எண்டு கேட்டால் நீங்கள் தந்திருப்பியளோ?"

அதிபர் பால்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவைத்தார்.

மாற்றி முடிந்தது. "கடைசிப் பேரை வாசியுங்கோ ரீச்சர்." நான் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவரே குனிந்து வாசித்தார். "சுகந்தி." என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "வந்திட்டா."

கையெழுத்து வைத்த பத்திரத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்னேரம் வீட்டுக்குப் போனேன். பொழுதுபட்டு எல்லா வீட்டிலும் ஜாம்போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றிய விளக்கு எரிந்தது. கழட்டியர் வீடு மட்டும் இருண்டு கிடந்தது. அந்தப் பத்தாவது போத்தல் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. எங்கள் விளக்கைக் கொண்டுபோய் அவருடைய வாசல் படலையடியில் வைத்துவிட்டு, கூப்பிடாமல் திரும்பினேன்.

விடிய, விளக்கு எங்கள் வாசலில் இருந்தது. கழட்டித் துடைத்து, புதுத் திரி போட்டுப் பூட்டியிருந்தார். அவர் பூட்டியதை நான் இன்றுவரை கழட்டவில்லை.